நீலம் தெரியாத தோல்: ஒரு பிறவி இதயக் குறைபாடும் அதன் அறுவை மருத்துவமும்

ஒன்பது வாரக் குழந்தை ஒன்றின் மருத்துவக் காகிதங்கள் எங்கள் மேசையில் இருக்கின்றன. மூன்று புறநோயாளிச் சீட்டுகள். மூன்றிலும் நிமோனியா என்றே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான்காம் முறை, வேறோர் ஊரில், பயிற்சி மருத்துவர் ஒருவர் குழந்தையின் பாதத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்திப் பார்த்தார். 78 என்று காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று எண்ணித் தம் விரலில் மாட்டிப் பார்த்தார்; 99 காட்டியது. மறுநாள் எக்கோ பரிசோதனை செய்யப்பட்டது. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் நான்கு சிரைகளும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெற்றோர் வட தமிழகத்தில் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர். அவர்களது பெயரையோ ஊரையோ, அவர்கள் அலைந்த மருத்துவமனைகளின் பெயரையோ இங்கு நாங்கள் குறிப்பிடப் போவதில்லை. குழந்தையின் தாய் எங்களிடம் கேட்டது இழப்பீடு அல்ல. "எம் புள்ளைக்கு என்னதான் ஆச்சுன்னு புரியுற மாதிரி ஒருத்தரும் சொல்லல, வக்கீல் சார்" என்றார். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆயினும் ஒரு நோய் உடலில் என்ன செய்கிறது, எத்தனை நாள் அவகாசம் தருகிறது என்பதை அறியாமல் அதற்கான சிகிச்சையை உரிமையாகக் கேட்க இயலாது. ஆகவே முதலில் அதையே விளக்குகிறோம்.

பள்ளிப் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். உடலெங்கும் சுற்றி ஆக்சிஜனை இழந்த இரத்தம் இதயத்தின் வலது மேலறைக்கு வருகிறது. வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கு ஆக்சிஜன் ஏற்ற இரத்தம், வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு என நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறைக்கு வந்து, இடது கீழறையால் உடலுக்கு அனுப்பப்படுகிறது. உடலில் உள்ள சிரைகளில் நல்ல இரத்தம் ஓடுவது இந்த நான்கில்தான்.

கரு உருவாகும் முதல் இரண்டு மாதங்களில் இந்தச் சிரைகள் இடது மேலறையின் பின்சுவரோடு இணைய வேண்டும். சில கருக்களில் அந்த இணைப்பு நிகழ்வதில்லை. அப்போது நான்கு சிரைகளும் இதயத்துக்குப் பின்னால் ஒரு பொதுக்குழாயாகக் கூடி, கிடைத்த வழியில் வலப்புறத்துக்குச் சென்று சேர்கின்றன. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளில் அவை மேல்நோக்கிச் சென்று கழுத்தடிச் சிரையோடு கலக்கின்றன. கால்பங்கினரில் இதயத்தின் சொந்தச் சிரைக்குழியில் திறக்கின்றன. வேறு சிலரில் உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கி, கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் முடிகின்றன. நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் இரண்டும் வலது மேலறையிலேயே கலந்துவிடுகின்றன. மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை ஒன்று இருந்தால் மட்டுமே அந்தக் கலப்பு இரத்தத்தில் ஒரு பகுதி இடப்புறம் சென்று உடலுக்குப் போகும். பிற குழந்தைகளுக்குக் குறைபாடாகக் கருதப்படும் ஓட்டையே இக்குழந்தைகளை உயிரோடு வைத்திருக்கிறது.

இதில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். சிரைகள் செல்லும் மாற்றுப்பாதை எங்கேனும் நெருக்கப்பட்டிருந்தால் (கல்லீரல் வழி செல்லும் வகையில் இது பெரும்பாலும் நிகழும்) இரத்தம் நுரையீரலிலேயே தேங்கி, பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குழந்தை மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கும். இது உடனடி அறுவையைக் கோரும் நிலை. நாள் தள்ளிப்போட இடமே இல்லை. பாதையில் அடைப்பு இல்லையெனில் குழந்தை பிறந்தபோது நன்றாகவே தோன்றும். சில வாரங்களில் மூச்சு வேகமாகும். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கும். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் களைத்து நிறுத்தும். எடை ஏறாது. அடிக்கடி சளி பிடிக்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நிமோனியா என்றுதான் தோன்றும். எங்கள் கோப்பிலுள்ள குழந்தை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அறுவை செய்யாவிடில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைக் கடப்பதில்லை.

சரிசெய்யும் முறை கேட்பதற்கு எளியது. நெஞ்செலும்பைப் பிளந்து, குழந்தையின் இரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். உடலைக் குளிர்விக்கிறார்கள், சில வேளைகளில் 18 பாகை அளவுக்குக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தைத் தூக்கிப் பிடித்து, பின்னாலுள்ள பொதுக்குழாயை நீளவாக்கில் கீறி, இடது மேலறையின் பின்சுவரிலும் அதே அளவு கீறி, இரண்டையும் மயிரிழை நூலால் தைக்கிறார்கள். மேலறைச் சுவரின் ஓட்டையை இதய உறையிலிருந்து வெட்டிய துண்டால் அடைக்கிறார்கள். பழைய மாற்றுப்பாதையைப் பெரும்பாலும் கட்டிவிடுகிறார்கள். தேர்ந்த மையங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வறுவையில் பிழைக்கின்றனர்.

ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ, தைத்த இடத்திலோ சிரைகளுக்குள்ளேயோ தழும்பு வளர்ந்து வழி மீண்டும் சுருங்குகிறது. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் இது நிகழும். அதற்கென 1990களில் ஒரு புதிய உத்தி வந்தது. சிரையின் விளிம்பில் ஊசியே படாமல், சுற்றியுள்ள இதய உறையை மேலறையோடு தைத்து ஒரு பை போல் அமைத்து, சிரைகள் அதற்குள் திறக்குமாறு செய்வது. தையல் படாத விளிம்பில் தழும்பு குறைவு என்பதே அதன் தத்துவம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்: அறுவைக்குப் பின் வரும் எக்கோ பரிசோதனைகள் சடங்கல்ல, சுருக்கத்தை உரிய காலத்தில் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

இத்தகைய அறுவை சாத்தியம் என்று உலகம் நம்பத் தொடங்கி நூறாண்டுகூட ஆகவில்லை. நுரையீரல் சிரைகளைத் திருப்பித் தைக்கும் முதல் முயற்சி 1951இல் கலிபோர்னியாவில் நடந்தது. அதுவும் ஒரு பகுதித் திருத்தமே. ஜான் கிப்பன் 1953 மே மாதத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஒரு பெண்ணின் அறுவையில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய பின்னரே, திறந்த இதயத்தினுள் பார்த்துத் தைப்பது வழக்கமாயிற்று. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தை இதயத்துக்கும் அறுவையால் உதவ முடியும் என்று நம்ப வைத்த நாள் 1944 நவம்பர் 29. அந்த நாளின் வரலாறு எங்களைப் போன்றோருக்கு நன்கு பழக்கமான வரலாறு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. எய்லீன் சாக்ஸன் என்ற 15 மாதப் பெண் குழந்தை. எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் சுருக்கம், இடம் மாறிய பெருந்தமனி, தடித்த வலது கீழறை என நான்கும் சேர்ந்த ஃபேலோ நோய் அக்குழந்தைக்கு. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாததால் உடல் நீலம் பாரித்திருந்தது. கைக்குச் செல்லும் தமனி ஒன்றைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைத்துவிட்டால் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்கும் என்பது திட்டம். இதயத்துக்குள் உள்ள குறைபாட்டை அது தீர்க்காது. குழந்தைக்குக் காலம் வாங்கித் தரும். நுரையீரலுக்கு இரத்தம் செல்ல வழி செய்ய வேண்டும் என்ற சிந்தனை குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டவுசிக்குடையது. செவித்திறனைப் பெரிதும் இழந்திருந்த அவர், குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்தே இதயத்தைப் படித்தவர். கத்தி பிடித்தவர் அறுவைத் துறைத் தலைவர் ஆல்பிரட் பிளேலாக்.

பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. அதன்மீது ஒரு கறுப்பினத்தவர் நின்றுகொண்டு, தையல் போகும் திசை சரியா, இடைவெளி போதுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விவியன் தாமஸ். நாய்களின் உடலில் அந்த நோயை ஒத்த நிலையை உண்டாக்கி, அதைத் திருத்தும் தையலை உருவாக்கியவர் அவரே. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், 200 நாய்கள் அளவில் அந்த உழைப்பு. குழந்தையின் நுண்ணிய குழாய்களுக்கேற்ப ஊசிகளையும் இடுக்கிகளையும் தகவமைத்தவரும் அவரே. பிளேலாக் தாமே முன்நின்று இந்த அறுவையை நாயில் செய்தது ஒரே ஒரு முறை என்பர். அப்போதும் தாமஸ் அருகில் இருந்தார்.

தாமஸ் 1910இல் லூசியானா மாநிலத்தில் பிறந்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். தந்தையைப் போலவே தச்சுத் தொழில் அறிந்தவர். மருத்துவம் படிக்கக் கூலியில் மிச்சம்பிடித்துச் சேர்த்த பணம், பெருமந்தக் காலத்தில் வங்கி மூழ்கியதால் போயிற்று. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். செய்த வேலை ஆராய்ச்சி. ஊதியப் பட்டியலில் அவருக்கிருந்த பெயர் துப்புரவாளர். 1941இல் பிளேலாக் ஹாப்கின்ஸுக்குச் சென்றபோது தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார். அந்நிறுவனத்தில் அன்று கறுப்பினத்தவர் தரை துடைப்போராகவே இருந்தனர். வெள்ளை அங்கி அணிந்து தாழ்வாரத்தில் நடந்த தாமஸை எல்லோரும் நின்று பார்த்தனர். ஊதியம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் வேலையையும் அவர் செய்தார். பகலில் அவரிடம் தையல் கற்ற இளம் மருத்துவர்கள் சிலருக்கே மாலையில் கோப்பை நீட்ட வேண்டியிருந்தது.

1945இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அந்த அறுவையைப் பற்றிய கட்டுரை வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஆசிரியர்களாக பிளேலாக், டவுசிக் இருவர் பெயரும் இருந்தன. தாமஸின் பெயர் நன்றி கூறும் இடத்தில்கூட இல்லை. அறுவைக்கு வைத்த பெயரும் பிளேலாக்–டவுசிக் என்பதே. இதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காக மேலறைச் சுவரில் வழி உண்டாக்கும் மற்றோர் அறுவையையும் தாமஸ் ஆய்வகத்தில் உருவாக்கினார். வலப்புற நுரையீரல் சிரைகளைச் சிறிது நேரம் பிடித்து நிறுத்தி, இயந்திரமே இல்லாமல் செய்யப்பட்ட அந்த அறுவை பிளேலாக்–ஹான்லன் என்று அழைக்கப்பட்டது. அங்கும் அவர் பெயர் இல்லை.

எய்லீன் சில மாதங்களே வாழ்ந்தாள். ஆனால் அடுத்தடுத்து வந்த குழந்தைகள் பலர் பிழைத்தனர். தாமஸிடம் தொழில் பயின்றோர் அமெரிக்கா முழுவதும் அறுவைத் துறைகளுக்குத் தலைவர்களாயினர். 1971இல் அவர்களே முன்வந்து அவரது ஓவியத்தை மருத்துவமனைக்கு அளித்தனர். 1976இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது: மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இந்த இடத்தில் எங்களுக்குப் பெருமை ஏற்படவில்லை. 1985இல் அவர் மறைந்த அதே வாரத்தையொட்டி அவரது தன்வரலாறு வெளியானது. அண்மை ஆண்டுகளில்தான் மருத்துவ நூல்கள் அந்த அறுவையை பிளேலாக்–தாமஸ்–டவுசிக் என்று எழுதத் தொடங்கியுள்ளன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தென்னாப்பிரிக்காவின் ஹாமில்டன் நாகி, 1967இல் நடந்த முதல் இதய மாற்று அறுவையில் இரகசியமாகப் பங்கேற்றார் என்றொரு கதை நம் வட்டங்களிலும் உலவுகிறது. அது உண்மையன்று, அதை வெளியிட்ட பெரிய ஏடுகளே பின்னர் திருத்தம் வெளியிட்டன. தோட்ட வேலையாளாகச் சேர்ந்து, விலங்குகளில் உறுப்பு மாற்று அறுவையை மருத்துவர்களுக்கே கற்றுத்தரும் அளவுக்கு உயர்ந்தார் நாகி என்பது மெய். அந்த மெய்யே போதுமானது. தாமஸின் கதையோ ஆவணங்களால் உறுதிப்பட்டது. நம் நாட்டில் இதற்கு இணையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் உடலை அறுப்பவர் யார், தைப்பவர் யார், அறிக்கையில் கையெழுத்திடுபவர் யார் என்று ஒருநாள் நின்று பார்த்தால் போதும்.

தாமஸின் தையலைப் பெற்றவர்களை அன்று நாளேடுகள் 'நீலக் குழந்தைகள்' என்றே அழைத்தன. நீலம் நம் இயக்கத்துக்கு வேறொரு பொருள் தரும் நிறம். இங்கு அது ஆக்சிஜன் இழந்த இரத்தத்தின் நிறம். அந்தப் பெயர் வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயர். கருத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறுகளையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் குறிப்பிட்ட அளவு இரத்தத்தில் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குப் புலப்படும். இரத்தச்சோகை உள்ள குழந்தைக்கு ஹீமோகுளோபினே குறைவு. ஆகையால் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்த பின்னும் அக்குழந்தை வெளிறித் தோன்றுமே தவிர நீலமாகாது. இந்தியாவில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கருத்த தோலும் சோகையும் ஒருங்கே வாய்த்த குழந்தையிடம், பாடநூல் சொல்லும் நீலத்தைத் தேடிக் காணவில்லை என்று சொல்வது எத்தனை எளிது!

ஆகவே கண்ணை நம்பாமல் கருவியை நம்ப வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆன குழந்தையின் வலது கையிலும் ஒரு பாதத்திலும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் அளக்கிறார்கள். 90க்குக் கீழே இருந்தால் உடனே எக்கோ. 95ஐ எட்டாவிட்டாலோ, கைக்கும் காலுக்கும் மூன்று புள்ளிக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மீண்டும் அளந்து, அப்போதும் தேறாவிடில் எக்கோ. சில நிமிட வேலை, வலியில்லை. அமெரிக்கா 2011இல் இதை எல்லாப் பிறந்த குழந்தைகளுக்குமான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. அப்பரிசோதனை குறிவைக்கும் ஏழு முதன்மை நோய்களில், நாம் பேசிவரும் நுரையீரல் சிரைக் குறைபாடும் ஒன்று. கருவியிலும் நிறபேதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு. வெள்ளையரில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டலாம். எனவே எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணைக் கண்டு ஆறுதல் கொள்ளக் கூடாது.

இனி நாங்கள் அறிந்த துறைக்கு வருவோம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டோடு பிறப்பதாகவும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படுவதாகவும் மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். இவர்களில் எத்தனை பேர் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள்? எத்தனை பேருக்கு அறுவை நடந்தது? தகவலுரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்திடம் கேட்டோம். சாதிவாரியாகத் தொகுக்கப்படுவதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஆயிரம் பிறப்புகளுக்குப் பட்டியல் சாதியினரில் 45 குழந்தைகளும், பட்டியலினத்தவரும் பிற்படுத்தப்பட்டோரும் அல்லாத ஏனையோரில் 32 குழந்தைகளும் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். அந்த இடைவெளியில் இதயத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கேட்கக்கூட நம்மிடம் ஏடு இல்லை.

காகிதத்தில் உரிமைகள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகை நோய்களுக்குப் பரிசோதனையும் இலவச சிகிச்சையும் உண்டு. பிறவி இதயக் குறைபாடு அவற்றில் ஒன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வர வேண்டும். ஆனால் நம் குழந்தையின் நோய் அரையாண்டு காத்திருக்காது. அது பிடிபட வேண்டிய இடம் பிரசவ அறையும், வீட்டுக்கு வரும் கிராம செவிலியரின் பையும்தான். கேரளம் 2017இல் 'ஹிருத்யம்' என்ற பெயரில் குழந்தை இதய நோயாளிகளுக்கென இணையப் பதிவேட்டைத் தொடங்கி, எந்த மருத்துவமனையில் கண்டறிந்தாலும் அங்கிருந்தே பதிவு செய்து, நோயின் அவசரத்துக்கேற்ப அறுவைக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. மற்ற மாநிலங்களிலும் கேட்டுப் பெற வேண்டியது அத்தகைய ஏற்பாடே என்பது எங்கள் கருத்து.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதய அறுவைகளுக்குப் பணம் தருகிறது. நம் குழந்தைக்கு அது உடனே கிடைக்கவில்லை. காரணம், பெற்றோர் பெயர் இன்னமும் தாத்தாவின் குடும்ப அட்டையிலேயே இருந்தது. அந்த அட்டையிலும் தாயின் பெயர் சேர்க்கப்படவில்லை. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு நாள், வட்டாட்சியர் அலுவலகத்தில் நான்கு நாள். 78இல் நிற்கும் குழந்தைக்கு ஆறு நாள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனுவில் நாங்கள் ஒரு வழக்கைத்தான் குறிப்பிட்டோம்: பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கு. 1992இல் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளரை, மேற்கு வங்கத்தில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வழக்கைத் தொடுத்தது விவசாயத் தொழிலாளர் சங்கம் என்பதை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம், அரிய நோய் கொண்ட ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் மகனுக்கு அரசே மருந்து தர வேண்டும் என்று தீர்ப்பளித்தபோதும் இதே தடத்தில்தான் சென்றது.

மருத்துவக் காகிதங்களைப் பெறுவதற்கும் வழி உண்டு. இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். உயிரோடு தொடர்புடைய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது தகவலுரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு. காப்பீட்டு அனுமதி எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் அந்தப் பிரிவைக் காட்டியே கேட்டோம். பதில் வருவதற்கு முன் அனுமதியே வந்துவிட்டது. அலுவலகங்கள் சில சமயம் இப்படியும் பதில் சொல்லும்.

தோழர்கள் சிலர், மூன்று முறை திருப்பி அனுப்பியவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் தர வேண்டும் என்றார்கள். நாங்கள் இணங்கவில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் 3(1)(ய.அ) பிரிவு, பட்டியலினத்தவர் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தண்டிக்கிறது. ஆனால் இங்கு நுழைவு தடுக்கப்படவில்லை, நோய் கண்டறியப்படவில்லை. தொட்டுப் பார்க்கத் தயங்கினார்களா, பெயரையும் தெருவையும் கேட்டபின் நடத்தை மாறிற்றா என்று தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டோம். அப்படி ஏதும் இல்லை என்றே அவர் சொன்னார். சான்றில்லாமல் தொடுக்கும் ஒரு வழக்கு, சான்றுள்ள பத்து வழக்குகளைப் பலவீனமாக்கும். மருத்துவக் கவனக்குறைவுக்குக் குற்ற வழக்குத் தொடர, கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்துள்ளது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைமீது நுகர்வோர் மன்றத்துக்கும் செல்ல முடியாது. எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. அதில் நாங்கள் கேட்க எண்ணுவது ஒன்றுதான்: அம்மாவட்டத்தின் பிரசவ நிலையங்கள் அனைத்திலும், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் பல்ஸ் ஆக்சிமீட்டர் பரிசோதனை நடத்தி, எண்ணைத் தாய்-சேய் நல அட்டையில் எழுத வேண்டும்.

குழந்தைக்குப் பதினோராம் வாரத்தில் அறுவை நடந்தது. ஆறு மணி நேரம். நான்கு நாள் செயற்கைச் சுவாசம். இருபத்திரண்டாம் நாள் வீடு திரும்பினார்கள். முதல் மாத எக்கோவில் வழி அகலமாக இருந்தது. மூன்றாம் மாத எக்கோவில் இடப்புறக் கீழ்ச்சிரையில் இரத்தத்தின் வேகம் சற்றுக் கூடியிருக்கிறது. ஆறு வாரத்தில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது கரும்பு வெட்டுப் பருவம் தொடங்கியிருக்கும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் அது. நகரத்துக்குப் போய்வர இருவருக்கும் இரண்டு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு தனி. அந்தச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்பதில்லை. பயணப்படி கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு இரண்டாம் மனுவை அனுப்பியிருக்கிறோம். மேஸ்திரியிடமும் பேசியாயிற்று, தாயை மட்டுமாவது அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.